சுண்ணாம்பு கிடக்கும் மண்ணும் சுண்ணாம்பு கேட்கும் மண்ணும்

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள காடுகளில் சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கட்டி கலந்த கருமண்ணை ஒரு கைப்பிடி எடுத்து, அதன்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் மண் நுரைக்கும். காதருகே பிடித்தால் மெல்லிய சீறல் கூடக் கேட்கும். இடுக்கி எல்லையில் வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்து மண்ணும் கருப்புதான், கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். அதன்மேல் எத்தனை பழம் பிழிந்தாலும் ஒன்றும் நடக்காது. இரண்டு ஊர்களிலும் தமிழ் பேச்சுமொழி, இரண்டும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியவை, இரண்டும் ஒரே மாநிலத்து வேளாண் துறையின் கீழ் வருபவை. ஆனால் முதல் மண்ணில் சுண்ணாம்பு மிகுதி, இரண்டாவதில் அது அற்றுப்போய்விட்டது. இந்த வேற்றுமை எப்படி வந்தது, இரண்டு இடத்திலும் விவசாயிகள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள், மண்ணுக்கு மருந்து எழுதிக் கொடுப்பவர்கள் எதைக் கவனிக்கத் தவறுகிறார்கள் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மண்ணுக்குள் சுண்ணாம்பைத் தேடி அலைந்த நாடு இங்கிலாந்து. அங்கே மழையும் குளிரும் வயல் மண்ணைப் புளிக்க வைத்துக்கொண்டே இருக்கும். அதற்கு மாற்றாக அவர்கள் நிலத்தடியிலிருந்து ஒரு வகைக் களியைத் தோண்டி மேலே பரப்பினார்கள். களியும் சுண்ணாம்பும் கலந்த அந்த மண்ணுக்கு மார்ல் என்று பெயர். தமிழில் சுண்ணாம்புக் களி என்று சொன்னால் பொருந்தும். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, பிரிட்டனிலும் காலியாவிலும் மக்கள் மண்ணுக்கே மண்ணை எருவாகப் போடுகிறார்கள் என்று வியந்து எழுதியிருக்கிறார். 1217-ஆம் ஆண்டின் வனச் சாசனத்தில், சுதந்திரக் குடிமகன் ஒருவன் தன் நிலத்தில் ஆலை, குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு மார்ல் குழியும் வெட்டிக்கொள்ளலாம் என்று உரிமை தரப்பட்டிருக்கிறது. அரசன் தன் காட்டின் மேலிருந்த பிடியைத் தளர்த்திக் கொடுத்த அந்தப் பட்டியலில் ஒரு மண்குழிக்கும் இடம் கிடைத்தது என்றால், குடியானவனுக்கு அது எவ்வளவு தேவையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். செஷையர் பகுதியில் வயலுக்கு வயல் சிறு குட்டைகள் இருக்கின்றன. அவற்றில் பல, பழைய மார்ல் குழிகளில் மழைநீர் தேங்கி உண்டானவை.

தோண்டியது மார்ல்தானா என்று அறிய அவர்களும் வினிகர் ஊற்றி நுரைக்கிறதா என்று பார்த்தார்கள். நம் எலுமிச்சைச் சோதனையும் அதுவேதான். சுண்ணாம்பு போட்டே பயிர் எடுத்தால் தகப்பன் பணக்காரன் ஆவான், மகன் ஏழையாவான் என்று அங்கே ஒரு சொலவடை வழங்கியது. அதற்கு அடிப்படை உண்டு. புளித்த மண்ணில் சுண்ணாம்பு விழுந்ததும் நுண்ணுயிர்கள் விழித்துக்கொள்ளும், மண்ணில் பல காலம் சேர்ந்த மக்கு வேகமாகச் சிதையும், அதிலிருந்த தழைச்சத்து பயிருக்குக் கிடைத்து விளைச்சல் கூடும். எடுத்த மக்குக்கு ஈடாக எருவைத் திருப்பிப் போடாவிட்டால் சில ஆண்டுகளில் மண் வெறுமையாகிவிடும். இந்தச் சொலவடையை மனதில் வைத்துக்கொண்டே இடுக்கிக்குப் போக வேண்டும்.

சுண்ணாம்பைப் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அந்த நாட்டிலேயே நீண்ட காலச் சான்று இருக்கிறது. ரோதாம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் முன்பு சுண்ணக்கட்டி போட்டு உழுத ஒரு வயலை 1886-இல் உழுவதை நிறுத்திவிட்டு அப்படியே விட்டார்கள். அது காடாகிவிட்டது. நூறு ஆண்டுகளில் அதன் மேல்மண்ணின் கார அமில அளவு 7-ஐ ஒட்டியிருந்த நிலையிலிருந்து 4-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. மழை பெய்யப் பெய்ய, மண் தன் சுண்ணாம்பை இழந்துகொண்டே இருக்கும். இங்கிலாந்தின் மழைக்கே இப்படி என்றால், பீர்மேட்டிலும் மூணாற்றிலும் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழைக்கு எப்படி இருக்கும்?

முதலில் பாலக்காடு. மேற்கு மலைத்தொடர் விட்டுக் கொடுத்திருக்கும் கணவாயின் கிழக்கு வாயில் சித்தூர் தாலுக்கா இருக்கிறது. எருத்தேம்பதி, வடகரப்பதி, ஒழலப்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையோர ஊர்களின் பெயர்களைக் கேட்டாலே கொங்கு நாட்டு வாடை வரும். காற்றுக்கும் மழைக்கும் கணவாய் திறந்திருந்தாலும், தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டைத் தாண்டிக் கிழக்கே வருவதற்குள் சத்து வற்றிவிடுகிறது. கேரளத்தின் சராசரி மழை சுமார் 3000 மில்லிமீட்டர். இங்கே பெய்வது அதில் பாதிகூட இருக்காது. இந்தக் குறைந்த மழைதான் மண்ணில் சுண்ணாம்பைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அடியிலுள்ள பாறையும் துணை நிற்கிறது. வாளையாற்றில் தொடங்கி மதுக்கரை வரை சுண்ணாம்புப் பாறை ஓடுகிறது. எல்லைக்கு அந்தப்புறம் மதுக்கரையில் 1934-இல் சிமெண்ட் ஆலை வந்ததும், இந்தப்புறம் வாளையாற்றில் 1984-இல் மலபார் சிமெண்ட்ஸ் உற்பத்தியைத் தொடங்கியதும் இந்தப் பாறையை நம்பித்தான். ஒரே பாறைத் தொடரை இரண்டு மாநிலங்கள் இரண்டு முனையிலிருந்து தோண்டியிருக்கின்றன.

கேரளத்தில் கரிசல் என்று சொல்லத்தக்க மண் கிடப்பது சித்தூரின் இந்தக் கிழக்குத் துண்டிலும் அட்டப்பாடியின் கிழக்குச் சரிவிலும்தான். மாநிலத்தின் பெரும்பரப்பு செம்புறைக்கல் நிலம். மைசூரிலிருந்து கோயம்புத்தூர் வழியாக 1800-இல் மலபாருக்குள் நுழைந்த பிரான்சிஸ் புக்கானன், அங்காடிப்புரத்தில் அந்தக் கல்லை வெட்டிச் செங்கல்லாக அடுக்குவதைப் பார்த்துத்தான் லேட்டரைட் என்று பெயர் வைத்தார். உலக மண்ணியல் நூல்கள் எல்லாவற்றிலும் இன்று அந்தப் பெயர் இருக்கிறது. கேரள மண் என்றால் செம்புறைதான் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே நிலைத்துவிட்டது. அதற்குள் அடங்காத சித்தூர்க் கரிசல், பாடநூலில் ஒரு வரி விதிவிலக்காக நிற்கிறது.

அந்த ஒரு வரிக்குள் எத்தனை மண் என்பதை அங்கே உழுகிறவர்கள்தான் அறிவார்கள். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கருமண் ஒன்று. மேட்டில் கிடக்கும் செவ்வல் இன்னொன்று. கல்லும் மண்ணும் கலந்த சரளை மூன்றாவது. ஒரு முழம் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகக் கட்டி தட்டுப்படும் சுக்கான் நிலம் வேறு. சுக்கான் பாறையாக இறுகிவிட்டால் தென்னை வேர் அதைத் துளைக்காது, மட்டை சாய்ந்து மரம் வளர்ச்சி குன்றிப்போகும். அந்தச் சுக்கானைப் பொறுக்கிக் காளவாயில் சுட்டு, நீற்றி, வீடு கட்டவும் வெள்ளையடிக்கவும் பயன்படுத்திய காலம் ஒன்று இருந்தது. சிமெண்ட் வந்தபிறகு காளவாய்கள் அணைந்தன. சுக்கான் வரப்போரக் குவியலாக மாறியது. தாலுக்காவின் தாழ்ந்த நெல்வயல்களில் பூந்தல் பாடம் என்று மலையாளத்தில் சொல்லும் ஒரு வகை உண்டு. கால் வைத்தால் முழங்கால்வரை புதையும், டிராக்டர் இறங்கினால் ஏறாது. களி மிகுந்து வடிகால் இல்லாத நிலம் அது.

கருமண்ணின் சுண்ணாம்பு எல்லாப் பயிருக்கும் பகை இல்லை. நிலக்கடலையை எடுத்துக்கொள்வோம். பூத்தபின் அதன் விழுது மண்ணுக்குள் இறங்கி அங்கே காய் பிடிக்கிறது. காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தை விழுதும் காயும் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக உறிஞ்சுகின்றன, வேர் வழியாக வருவது போதாது. கணவாய்க்கு மேற்கே நெல், கிழக்கே நிலக்கடலை, பருத்தி, கரும்பு என்று பயிர்முறை பிரிந்ததில் மழைக்கு இருக்கும் பங்கு மண்ணுக்கும் உண்டு. மேனோன்பாறையில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருந்த காலத்தில் இந்தக் கரும்பு அங்கே போனது. ஆலை மூடியபின் கரும்பும் சுருங்கிவிட்டது.

ஆனால் அதே சுண்ணாம்பு இரும்பையும் துத்தநாகத்தையும் மண்ணுக்குள் பூட்டி வைத்துக்கொள்கிறது. மண்ணில் இரும்பு இருக்கும், பயிருக்குக் கிடைக்காது. இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். விவசாயிகள் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கரைத்துத் தெளிக்கிறார்கள். ஒரு வாரத்தில் பச்சை திரும்பும். புது இலை வந்ததும் மறுபடி வெளுக்கும். மண்ணில் மக்கு ஏற்றினால் இந்தப் பூட்டு மெல்ல இளகும் என்பது முன்னோருக்குத் தெரிந்த வழிதான். ஆட்டுப்பட்டி போடுவதும், கொளுஞ்சியை மடக்கி உழுவதும், சணப்பை விதைப்பதும், குளத்து வண்டலை வண்டியில் ஏற்றிக் காட்டில் கொட்டுவதும் அதற்காகத்தான். கருமண் கருப்பாக இருப்பதாலேயே சத்து நிறைந்தது என்று நம்புவது பிழை. அதன் கருப்பு களியின் தன்மையால் வந்தது. மக்கு அதில் மிகக் குறைவு.

வண்டல் அள்ளுவதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மார்லுக்கு நம்மிடம் இருக்கும் நேரான இணை அதுதான். ஒரு மண்ணைத் தோண்டி இன்னொரு மண்ணைத் திருத்தும் வேலை இரண்டும். தமிழ்நாடு அரசு 2017-இல் விவசாயிகள் ஏரி, குளங்களில் வண்டலைக் கட்டணமின்றி அள்ளிக்கொள்ள வழி செய்தது. நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்பது அளவு. இங்கிலாந்தின் வனச் சாசனத்துக்குச் சரியாக 800 ஆண்டு கழித்து, வேறொரு நாட்டில், குடியானவன் மண் அள்ள மீண்டும் ஓர் அனுமதிச் சீட்டு. ஊர்ப்பொதுவில் இயல்பாக நடந்துவந்த வேலைக்கு அரசாணை தேவைப்படும் நிலை வந்ததற்குக் காரணம், வண்டலின் பெயரைச் சொல்லிச் செங்கல் சூளைக்கு அள்ளிய கூட்டம்தான். கணவாயின் இருபுறமும் சூளைக்காரர்கள் தேடுவது களி மிகுந்த நல்ல மேல்மண்ணை. அதை ஓர் அடி ஆழத்துக்கு விற்றுவிட்ட நிலத்தில் சுக்கான் மேலே வந்துவிடும். அந்த நிலத்தை எந்த எருவாலும் ஒரு தலைமுறைக்குள் மீட்க முடியாது என்பது என் எண்ணம். கேரளத்தின் 2008-ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வயலைக் காக்க முனைகிறது. கடலைக்காட்டின் மேல்மண்ணுக்கு அத்தகைய காவல் இல்லை.

மண்ணோடு தண்ணீரையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம் ஆழியாறு உடன்பாட்டின்படி மணக்கடவில் சித்தூர்ப்புழைக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் விட வேண்டும். அந்தத் தண்ணீர் வந்த வயல்களில் நெல்லும் தென்னையும் நிலைத்தன. களிமண்ணில் தண்ணீர் கட்டும்போது வடிகாலையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் கிடக்கும் உப்பு நீரோடு மேலேறி வெள்ளைப் பூச்சாகப் படியும்.

அட்டப்பாடிக்கு ஒரு பத்தி போதாது, இருந்தாலும் இங்கே அவ்வளவே இடம். பவானி கிழக்கு நோக்கி ஓடும் அந்த மலைப்பகுதியில், மேற்கே அடர்ந்த மழைக்காட்டு மண்ணும் கிழக்கே சோலையூர்ப் பக்கம் வறண்ட நிலமும் ஒரு நாள் நடைக்குள் அடங்கிவிடுகின்றன. இருளர்கள் ராகி, சாமை, துவரை, அவரை எல்லாவற்றையும் ஒரே நிலத்தில் கலந்து விதைத்தார்கள். அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விதைக்குக் கிடைத்த மரியாதை அந்த மண்ணுக்கும் கிடைக்க வேண்டும்.

இனி இடுக்கி. மூணாற்றிலிருந்து மறையூருக்கு இறங்கும் சாலையில் போகிறவர்கள் மண்ணியலைப் பாடமாகப் படிக்க வேண்டியதில்லை, சன்னல் வழியே பார்த்தால் போதும். தேயிலைப் பச்சை முடிந்ததும் காற்று உலர்கிறது, புல் மஞ்சளாகிறது, சந்தன மரங்கள் தொடங்குகின்றன. இன்னும் கீழே சின்னாற்றில் ஆண்டு மழை 500 மில்லிமீட்டர் அளவுதான். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற ஐந்து ஊர்கள் சேர்ந்த அஞ்சுநாடு இந்த மழைமறைவில் இருக்கிறது. பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியில் சேர்கிறது. தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்து குடியமர்ந்ததாகத் தங்கள் வரலாற்றைச் சொல்லும் இவ்வூர் மக்கள், சரிவைப் படிப்படியாகக் கட்டி மண்ணைப் பிடித்து வைத்தார்கள். மறையூர் வெல்லத்துக்கு 2019-இலும், காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கு 2022-இலும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மழை குறைவாக இருப்பதால் மண்ணின் உப்புச்சத்துகள் முழுவதும் அடித்துச் செல்லப்படாமல் தங்கும் நிலம் இது. வட்டவடைப் படிவயல்களுக்கு மேலே கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ் மரம் நட்ட சரிவுகளில் ஊற்று வற்றிப்போனதாக ஊர்க்காரர்கள் சொல்லும்போது, அது தண்ணீர்க் கவலை மட்டும் இல்லை. ஈரம் போன படியில் மண் பிடிமானம் இழந்து சரியும்.

உடும்பஞ்சோலை ஏலமலைக்கு வந்தால் கதை முற்றிலும் மாறுகிறது. கம்பம் மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் விடியற்காலை ஜீப்புகளில் தேனி மாவட்டத்துப் பெண்கள் ஏறி வந்து வேலை செய்யும் தோட்டங்கள் இவை. மரநிழலில் நூற்றாண்டுகளாக இலை உதிர்ந்து மக்கிய மேல்மண் கருப்பாக, மெத்தென்று இருக்கும். சித்தூர்க் கருப்பு களியின் கருப்பு என்றால், இது இலையின் கருப்பு. அந்த மெத்தைக்குக் கீழே தொடர்மழையில் சுண்ணாம்பும் மக்னீசியமும் கழுவப்பட்ட புளித்த செம்மண் இருக்கிறது. மண் மிகவும் புளித்தால் அதிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கிவிடும். போட்ட மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். அதாவது சித்தூரில் மண் இரும்பைத் தராமல் பூட்டுகிறது, இங்கே இரும்பே மணிச்சத்தைப் பூட்டுகிறது.

பாம்பாடும்பாறையில் 1956 முதல் ஏல ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. மயிலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. மண்ணின் கார அமில அளவு 5-க்குக் கீழே இருந்தால் செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 1 கிலோ வேளாண் சுண்ணாம்பு இடலாம் என்பது அங்கிருந்து வரும் பரிந்துரை. இதே மாவட்டத்தில் மூணாற்றுத் தேயிலையோ புளிப்பு மண்ணையே விரும்பும், 4.5 முதல் 5.5 வரை அதற்கு இதம். ஆகவே புளிப்பு என்பதை நோயாகப் பார்க்கக் கூடாது. எந்தப் பயிருக்கு எவ்வளவு புளிப்பு என்பதே கேள்வி. ஏலத்தில் விளைச்சலைக் கூட்ட நிழல் மரக்கிளைகளைக் கழித்து வெயில் விட்டு, உரத்தை ஏற்றும் பழக்கம் பரவியிருக்கிறது. அமோனிய உரம் மண்ணை மேலும் புளிக்க வைக்கும். வெயில் பட்ட இலைமெத்தை விரைவில் கரையும். அதன்மேல் சுண்ணாம்பையும் அளவில்லாமல் கொட்டினால் என்ன ஆகும்? இங்கிலாந்துச் சொலவடையின் தகப்பனும் மகனும் ஏலமலையில்தான் இனிப் பிறக்கப்போகிறார்கள் என்று அஞ்சுகிறேன்.

கேரள வேளாண் துறை, மண் புளிப்பைக் கண்டறிந்து கும்மாயம் என்று மலையாளத்தில் சொல்லும் சுண்ணாம்பை மானிய விலையில் தருவது நல்ல காரியம். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 600 கிலோ, அதில் அடியுரமாக 350, ஒரு மாதம் கழித்து 250 என்ற பரிந்துரை மாநிலத்தின் பெரும்பாலான வயலுக்குப் பொருந்தும். குட்டநாட்டில் வேம்பநாட்டுக் காயலின் கக்கைச் சிப்பியைச் சுட்டு நீற்றிப் போடும் வழக்கமும் அந்தப் புளிப்பு மண்ணுக்கு ஏற்றது. ஆனால் மாநிலம் முழுவதற்கும் பழகிப்போன ஓர் அறிவுரை, எலுமிச்சை பட்டால் நுரைக்கும் எருத்தேம்பதிக் காட்டுக்குள் நுழைந்தால் கெடுதல்தான். ஏற்கெனவே வெளுத்த இலை மேலும் வெளுக்கும். கேரளம் 23 வேளாண் சூழல் அலகுகளாகப் பிரிக்கப்பட்டு, பாலக்காட்டுக் கிழக்குச் சமவெளி, மறையூர் வறண்ட மலை, அட்டப்பாடி வறண்ட மலை எல்லாம் தனித்தனி அலகாக அடையாளம் காணப்பட்டுவிட்டன. திருவனந்தபுரத்தில் பாரோட்டுகோணத்து மண் அருங்காட்சியகத்தில் மாநிலத்தின் 82 மண்தொடர்களின் வெட்டுமுகங்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அறிவு குறைவில்லை. அது வேலந்தாவளத்துக் கடலைக்காட்டுக்காரர் கைக்குத் தமிழில், அவர் மண்ணின் பெயரில், சுக்கான் என்ற சொல்லோடு போய்ச் சேர வேண்டும். 2015-இல் நாடெங்கும் தொடங்கிய மண்வள அட்டையில் எண்கள் நிறைய இருக்கின்றன. இந்த மண் நுரைக்குமா என்ற ஒற்றைக் கேள்விக்கு விடை சேர்த்தாலே பாதித் தவறு குறையும்.

இன்னொரு வணிகத்தையும் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தேனிச் சமவெளியிலிருந்து சாண எரு லாரி லாரியாக மெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறது. கொங்குப் பக்கத்துச் சாணமும் கணவாய் வழியே மேற்கே போகிறது. ஏலத்துக்கு எரு தேவைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் மக்குக்கு ஏங்கும் வறண்ட காடு தன் சாணத்தை விற்றுவிட்டு, இரும்புக்கு அன்னபேதியையும் தழைச்சத்துக்கு யூரியாவையும் வாங்குகிறது. மலையோ தன் இலைமெத்தையை வெயிலுக்குக் கொடுத்துவிட்டுச் சமவெளியின் சாணத்தை வாங்குகிறது. மலைக்கு மெய்யாகவே இல்லாத பொருள் சுண்ணாம்பு. அது சமவெளியில் வரப்போரம் கிடக்கிறது. இதைச் சொல்லும்போது வாளையாற்றுப் பாறையை இன்னும் தோண்டலாம் என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். உழும்போது ஏர்முனையில் தட்டுப்பட்டு, பொறுக்கி ஓரமாகக் குவித்த சுக்கானைச் சுடாமலே பொடித்தாலும் புளித்த மண்ணில் அது மெல்லக் கரையும், நீற்றிய சுண்ணாம்பைப் போலச் சுரீரென்று தாக்காது. ஏற்றுக்கூலி கட்டுமா என்பது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். ஊர்க் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, சாணம் ஏற்றிவிட்டுத் திரும்பும் லாரிக் கணக்கோடு சேர்த்து இதையும் போட்டுப் பார்க்கலாம்.

ஏலமலையில் சுண்ணாம்பு போடுகிறவர்கள் கோடை மழை இரண்டு விழுந்து மண் நனைந்தபின் போடுகிறார்கள். தூரைச் சுற்றி இலையை ஒதுக்கி, சுண்ணாம்பைத் தூவி, லேசாகக் கொத்திவிட்டு, மறுபடி இலையை இழுத்து மூடுகிறார்கள். உடனே உரம் வைப்பதில்லை. இரண்டும் கலந்தால் அமோனியா ஆவியாகப் போய்விடும் என்பதால் இரண்டு வாரமாவது பொறுத்திருக்கிறார்கள்.